கழிவில் போகும் கல்

நகையை அடகு வைக்கப் போனவர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கமானது. தராசு முதலில் மொத்த எடையைச் சொல்லும். கடைக்காரர் நகையைத் திருப்பிப் பார்த்து, கண்மதிப்பில் ஓர் எண்ணைக் கழிப்பார். சீட்டில் அது கல் கழிவு என்று ஏறும். உள்ளே அரக்கு இருந்தால் அதுவும் அதிலேயே சேரும். மிஞ்சுவது நிகர எடை. பணம் அதற்கு மட்டும்தான். கழித்த அந்தக் கிராமுக்குள் இருந்தது பர்மா மாணிக்கமா, சிவப்புக் கண்ணாடியா என்று சீட்டு சொல்லாது. கேட்பவர்களும் குறைவு.

இப்படிப்பட்ட கல் நகை புழங்கும் ஊர்களில் ஒன்று வடமாலபேட்டை. சென்னையிலிருந்து திருப்பதி போகும் நெடுஞ்சாலையில் புத்தூரைத் தாண்டினால் வரும். 2022 ஏப்ரலில் ஆந்திர மாவட்டங்களைப் பிரித்தபோது சித்தூரிலிருந்து புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போன மண்டலம் இது. நாராயணவனம், நகரி, திருத்தணி எல்லாம் பக்கத்தில். தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டுக்குள் புழங்குவதுபோல நகையிலும் இரண்டு வழக்கமும் இங்கே கலந்திருக்கும். ஏழு கல் தோடும் பேசரியும் ஒரு வழியில் வந்தவை. கெம்பு அட்டிகையும் கெம்பு ஒட்டியாணமும் இன்னொரு வழியில் வந்தவை. ஒரு பாட்டியின் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் நல்ல தங்கம், சிதம்பரம் கவரிங், மசூலிப்பட்டினத்தை ஒட்டிய சிலகலபூடியின் ரோல்டு கோல்டு, அண்மைக்காலத்து ஒரு கிராம் தங்க நகை என்று எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். ஏலத்தில் வரும் மீட்கப்படாத நகையும், பழைய வெள்ளிக் கடையில் கிலோக் கணக்கில் வரும் சில்லறை நகையும் இதே கலவைதான்.

தங்கத்தை அடையாளம் காண நமக்கு வழிகள் உண்டு. உரைகல் உண்டு, அமிலம் உண்டு, இப்போது எக்ஸ்ரே இயந்திரமும் பல கடைகளில் உண்டு. 2023 ஏப்ரல் முதல் ஆறு எழுத்தெண் கொண்ட ஹால்மார்க் அடையாளம் இல்லாமல் கடைகள் புதிய தங்க நகை விற்கக் கூடாது. ஆனால் அந்த முத்திரை தங்கத்தின் மாற்றுக்கு மட்டுமே சாட்சி. அதில் பதித்த கல்லைப் பற்றி ஒரு சொல்லும் பேசாது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நகைக்கடன் விதிகளும் அப்படித்தான். அடகுப் பொருளை மதிப்பிடும்போது உள்ளிருக்கும் தங்கம் அல்லது வெள்ளியின் மதிப்பை மட்டும் எடுக்க வேண்டும், இரத்தினக் கற்களின் விலையைச் சேர்க்கக் கூடாது என்கின்றன. கடன் கொடுப்பவருக்கு அது நியாயமான விதி. கல்லை மதிப்பிட அவரிடம் ஆளும் இல்லை, கருவியும் இல்லை. அடகு நகை மீண்டுவந்தால் கல்லும் கூடவே திரும்பிவிடும். ஆனால் இதே கணக்குப் பழக்கம் விற்பனைக்கும் வந்துவிட்டது. பழைய நகையைப் போட்டுப் புதிய நகை வாங்கும்போதும் கல் கழிவுதான். அங்கே கழித்த கல் திரும்பி வருவதில்லை.

கண்ணாடியைக் கல் என்று நம்பி வாங்கிவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. கல்லைக் கண்ணாடி என்று நினைத்துக் கொடுத்துவிடும் இழப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. ஏமாந்து வாங்கியவர் என்றைக்காவது தெரிந்துகொள்வார், கோபப்படுவார், நாலு பேரிடம் சொல்வார். தெரியாமல் கொடுத்தவருக்குக் கடைசிவரை தெரியாது. பழைய நகை விஷயத்தில் நாம் அதிகம் அஞ்ச வேண்டியது இந்த இரண்டாவது இழப்புக்குத்தான் என்பது என் எண்ணம்.

நம் முன்னோர் கல்லை இப்படி ஒற்றை எண்ணாகக் கழித்தவர்கள் அல்லர். தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜனும் அவன் தமக்கை குந்தவையும் கொடுத்த நகைகளின் பட்டியல் சுவர்களில் வெட்டப்பட்டிருக்கிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அது அச்சாகியும் இருக்கிறது. ஒவ்வொரு நகைக்கும் பொன் எவ்வளவு, அதில் வைரம் எத்தனை, மாணிக்கம் எத்தனை, முத்து எத்தனை என்று தனித்தனியாக எண்ணியிருக்கிறார்கள். முத்து என்று பொதுவாக எழுதி முடித்துவிடவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, சக்கத்து, கறடு என்று வடிவத்துக்கும் தரத்துக்கும் ஏற்ப வகை பிரித்திருக்கிறார்கள். வைரத்தில் மட்டதாரை, சப்படி. மாணிக்கத்தில் ஹளஹளம், குருவிந்தம். அரக்கும் சரடும் எடையில் சேர்ந்ததா, நீக்கியதா என்பதும் குறிப்பில் உண்டு. பொன்னுக்கு ஆடவல்லான் என்ற பெயருடைய எடைக்கல், இரத்தினம் இழைத்த நகைக்குத் தக்ஷிணமேருவிடங்கன் என்ற எடைக்கல். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு இன்றைய அடகுச் சீட்டைப் பார்த்தால், கல்லைப் பற்றி எழுதும் வழக்கத்தையே நாம் கைவிட்டிருப்பது தெரியும்.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக்குக் கொண்டுபோனதும் பழைய நகைதான். விற்க வந்த ஒரு சிலம்பு, அதை மதிப்பிட வேண்டிய பொற்கொல்லன், வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருந்த அரசியின் சிலம்பு. உள்ளே இருந்த பரல் மாணிக்கமா முத்தா என்று உடைத்துப் பார்த்திருந்தால் அன்றே முடிந்திருக்கும் வழக்கு அது. அதே காப்பியத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் இரத்தினக் கடைத்தெரு வருகிறது. வைரத்துக்குக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று நான்கு குற்றம் சொல்லி, அவை நீங்கிய கல்லே நல்ல கல் என்று அங்கே வணிகர் இலக்கணம் வைத்திருக்கிறார்கள். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் சிவபெருமானே இரத்தின வணிகராக வந்து மாணிக்கம் விற்கிறார். கல்லைப் பார்க்கத் தெரிந்திருப்பது இந்த மண்ணில் மதிப்புள்ள கல்வியாக இருந்தது.

குற்றம் என்று அந்த வணிகர்கள் ஒதுக்கியதுதான் இன்று முதல் சாட்சி. இயற்கைக் கல் பூமிக்கடியில் நீண்ட காலம் வளர்கிறது. வளரும்போது பக்கத்தில் இருந்த கனிமத் துணுக்கு, நீர்மம், வாயு எல்லாவற்றையும் உள்ளே பிடித்து வைத்துக்கொள்கிறது. உலைக்குள் மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ வளர்ந்த செயற்கைக் கல்லிலும், அச்சில் ஊற்றிய கண்ணாடியிலும் இருக்கும் தடயங்கள் வேறு. ஆகவே பழைய நகையில் பெரிதாக, ஒரே நிறத்தில், மாசே இல்லாத சிவப்புக் கல்லைப் பார்த்தால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்பட வேண்டும்.

அசல், போலி என்று இரண்டே பெட்டி வைத்துக்கொண்டால் குழப்பம்தான் மிஞ்சும். கண்ணாடி ஒரு வகை. இரண்டு பொருளை ஒட்டிச் செய்த இரட்டைக்கல் இன்னொன்று. இயற்கைக் கல்லுக்குரிய அதே வேதியியலோடு ஆலையில் வளர்த்த செயற்கைக் கல் மூன்றாவது. மண்ணிலிருந்து எடுத்து, சூடேற்றியோ எண்ணெய் ஊட்டியோ கண்ணாடி நிரப்பியோ சீர்ப்படுத்திய கல் நான்காவது. எதுவும் செய்யாத இயற்கைக் கல் கடைசி. விலை இந்த வரிசையில் ஏறுகிறது, சில இடங்களில் நூறு மடங்குக்கும் மேல். கடைக்காரர் ‘அசல்’ என்று சொல்லும்போது எந்தப் படியைச் சொல்கிறார் என்று கேட்டு வாங்க வேண்டும்.

இந்த வட்டாரத்தில் அதிகம் கையில் கிடைப்பது சிவப்புக் கல், அதனால் அதிலேயே கொஞ்சம் நிற்கலாம். கெம்பு என்றால் முன்பு மாணிக்கம். இன்று கோயில் நகை என்று நாட்டியத்துக்கு விற்கப்படும் செட்டுகளில் கெம்பு என்றால் பெரும்பாலும் சிவப்புக் கண்ணாடி அல்லது செயற்கைக் கல். பழைய தங்க அட்டிகையில் இருப்பது இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். தங்கத்தில் பதித்திருக்கிறது என்பதால் கல் அசல் ஆகிவிடாது. நல்ல தங்கத்தில் கண்ணாடி பதிப்பது நெடுநாள் வழக்கம். பின்பக்கம் மூடியிருக்கிறது என்பதால் கண்ணாடி என்றும் சொல்லிவிட முடியாது. தென்னாட்டில் உயர்ந்த மாணிக்கத்தையும் அடியில் மினுக்குத் தகடு வைத்து, பின்பக்கத்தை மூடித்தான் கட்டினார்கள். பட்டை தீட்டாமல் குமிழாகத் தேய்த்த கல்லுக்கு அந்தத் தகடுதான் ஒளி கொடுக்கும். குளிக்கும்போது தண்ணீர் உள்ளே போனால் தகடு கறுத்துவிடும், கல் இருண்டு தெரியும். இப்படி இருண்ட கல்லைப் போலி என்று ஒதுக்குவது அடிக்கடி நடக்கிறது. கறுத்தது தகடு, கல்லுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

பத்து மடங்கு பெருக்கும் லூப் ஒன்று கையில் இருந்தால் பாதித் தூரம் போய்விடலாம். முதலில் மேற்பரப்பைப் பாருங்கள். வீட்டுத் தூசியில் மணல், அதாவது குவார்ட்ஸ் கலந்திருக்கிறது. மோஸ் அளவில் அதன் கடினம் 7. கண்ணாடிக்கு 5 முதல் 6 வரைதான். பல ஆண்டு அணிந்த கண்ணாடியில் கீறல் நிறைந்திருக்கும், பட்டைகளின் விளிம்பு மழுங்கியிருக்கும். மாணிக்கத்துக்கு 9, விளிம்பு கூராகவே நிற்கும். அடுத்து உள்ளே. உருண்டையான காற்றுக் குமிழியும், பாகு கிண்டியதுபோன்ற சுழல் கோடும் தெரிந்தால் கண்ணாடி. ஊசி ஊசியாக, ஒன்றையொன்று 60 பாகைக் கோணத்தில் வெட்டும் மெல்லிய நூல்கள் தெரிந்தால் மனம் துள்ளலாம். அவை ரூட்டைல் என்ற கனிமம், இயற்கை மாணிக்கத்தின் கையெழுத்து.

இனி வருவதுதான் பலர் சறுக்கும் இடம். பாட்டி காலத்து மோதிரம், நூறு வருடப் பழசு, அதனால் கல் இயற்கையானதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். பிரெஞ்சு வேதியியலாளர் ஆகுஸ்த் வெர்னோய் தூள் அலுமினாவைச் சுடரில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902-லேயே அறிவித்துவிட்டார். சில ஆண்டுகளில் அது பெரும் தொழிலாகி, சுவிட்சர்லாந்திலும் பிரான்சிலும் ஆலைகள் எழுந்தன. அந்தக் கல் உலகெங்கும் போனது, இங்கும் வந்தது. கொள்ளுப்பாட்டியின் திருமணத்திலேயே செயற்கை மாணிக்கம் இருந்திருக்கலாம். அதற்குக் கடினமும் 9, ஒளிவிலகல் எண்ணும் அசலுக்கு உள்ளதுபோலவே 1.76 முதல் 1.77 வரை, அடர்த்தியும் அதே 4. பிரித்துக் காட்டுவது முக்கியமாக வளர்ச்சிக் கோடுகள். இயற்கைக் கல்லில் அவை நேர்கோடாகவோ கோணமாகவோ ஓடும். உருகிய துளிகள் அடுக்கடுக்காகப் படிந்து வளர்ந்த கல்லில் கிராமபோன் தட்டின் வரிகளைப்போல வளைந்து ஓடும். அந்த வளைவைப் பார்க்க லூப்பும் போதாமல் நுண்ணோக்கி வேண்டியிருக்கும்.

இரட்டைக்கல்லைப் பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஐரோப்பாவில் சிவப்புக் கார்னெட்டின் மெல்லிய சீவலை நிறக் கண்ணாடிமேல் உருக்கி ஒட்டி, பச்சை, நீலம், சிவப்பு என எல்லா நிறத்திலும் கல் செய்தார்கள். மேலே கார்னெட் இருப்பதால் எளிதில் கீறல் விழாது. கழற்றிய கல்லை வெள்ளைத் தாளில் முகம் கீழாகக் கவிழ்த்து வையுங்கள். பச்சைக் கல்லாக இருந்தும் ஓரத்தில் சிவப்பு வளையம் தெரிந்தால் அது ஒட்டுக்கல்.

நகைத்தொழிலாளியின் தராசைக் கொண்டே இன்னொரு சோதனை செய்யலாம். அது கழற்றிய கல்லுக்குத்தான் பொருந்தும். கல்லைக் காற்றில் நிறுத்து, பிறகு மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும். காற்றில் 2 கிராம் உள்ள மாணிக்கம் தண்ணீரில் அரை கிராம் குறையும். அதே எடையுள்ள சாதாரணக் கண்ணாடி சுமார் 0.8 கிராம் குறையும். ஈயம் கலந்த கனத்த கண்ணாடி மாணிக்கத்தின் அருகில் வந்து ஏமாற்றக்கூடும் என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது. இரண்டு போலராய்டு தாள்களுக்கு நடுவே வைத்துத் திருப்பிப் பார்ப்பது அடுத்த சோதனை. மாணிக்கம் இரட்டை ஒளிவிலகல் உள்ளது; திருப்பும்போது ஒளியும் இருளுமாக மாறி மாறித் தெரியும். கண்ணாடி அப்படி மாறாது. ஸ்பினெல் என்ற சிவப்புக் கல்லும் மாறாது. பிரிட்டிஷ் அரச மகுடத்தின் முன்னெற்றியில் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ என்று பெயர் பெற்ற பெரிய சிவப்புக் கல் உண்மையில் ஸ்பினெல். அரண்மனையிலேயே நடந்த பிழை அது.

வெள்ளைக் கல்லுக்கு வருவோம். தமிழ்க் குடும்பங்களில் ப்ளூ ஜாகர் தோடு என்றால் தனி மரியாதை. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்த சொல் அது. மெல்லிய நீல ஒளி காட்டும் வெள்ளை வைரத்துக்கு வழங்கியது. அந்தப் பெயரோடு ஒரு தோடு கைக்கு வந்தால் அதன் வயதை முதலில் கேளுங்கள். இங்கே காலக்கணக்கு உண்மையிலேயே உதவும். அமெரிக்கன் டைமண்ட் என்று நாம் சொல்லும் க்யூபிக் சிர்கோனியா 1976 அளவில்தான் சந்தைக்கு வந்தது. சோவியத் விஞ்ஞானிகள் வழிகண்ட உலைமுறையில் வளர்ந்தது. மொய்சனைட் நகைக்கல்லாக வந்தது 1998-ல். எனவே 1960-ல் செய்து, பிறகு கை வைக்காத தோட்டில் இவை இரண்டும் இருக்க முடியாது. அதில் இருக்கக்கூடியவை வைரம், வெள்ளைப் புஷ்பராகம், செயற்கை ஸ்பினெல், கண்ணாடி, இலங்கையின் மாத்தறைப் பக்கத்தில் கிடைத்து மாத்தறை வைரம் என்று விற்கப்பட்ட சிர்க்கான், அல்லது திருச்சிக் கல்.

திருச்சிக் கல்லைப் பற்றி மரியாதையோடுதான் பேச வேண்டும். திருச்சியிலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் வீடுதோறும் பட்டறை வைத்து, சுவிட்சர்லாந்திலிருந்து வந்த செயற்கைக் கச்சாக்கல்லைக் கையால் பட்டை தீட்டினார்கள். ஏழைக் குடும்பத்துப் பெண்ணும் எட்டுக்கல் பேசரி போட வழி செய்தது அந்தத் தொழில். இயந்திரத்தில் பட்டை தீட்டிய மலிவான அமெரிக்கன் டைமண்ட் வந்து அதை ஒடுக்கியது. பழைய பேசரியில் திருச்சிக் கல் இருந்தால் அது வைரம் அல்ல, குப்பையும் அல்ல. இன்று அப்படிக் கையால் தீட்டுபவர்கள் அருகிவருகிறார்கள்.

வெள்ளைக் கல்லுக்கு வீட்டில் செய்யும் சோதனைகள் பல புழக்கத்தில் உள்ளன. சில பயன்படும், சில கெடுதல் செய்யும். கல்மேல் வாயால் ஊதினால் வைரத்தில் பனி உடனே மறையும். வெப்பத்தைக் கடத்துவதில் அதற்கு இணை இல்லை என்பதுதான் காரணம். கண்ணாடியில் அந்தப் பனி சற்று நின்று மறையும். செய்தித்தாள்மேல் கல்லைக் கவிழ்த்து எழுத்துத் தெரிகிறதா என்று பார்ப்பது கழற்றிய, நவீன முறையில் பட்டை தீட்டிய கல்லுக்குத்தான் சரி. பழைய தட்டை வைரத்திலும், ஒரு பக்கம் மட்டும் பட்டை தீட்டிய கல்லிலும் அசலாக இருந்தாலும் எழுத்து தெரியும். இந்தச் சோதனையில் தோற்று ஒதுக்கப்படுவது பெரும்பாலும் மதிப்புள்ள பழைய கல். கண்ணாடிப் பலகையில் கீறிப் பார்ப்பது வேண்டாம், சாதாரணக் குவார்ட்ஸும் கண்ணாடியைக் கீறும். சுத்தியலால் தட்டிப் பார்ப்பது கொடுமை. வைரம் கீறலுக்கு அசையாது, ஆனால் நான்கு திசைகளில் எளிதாகப் பிளக்கும். கடினம் வேறு, உடையாத் தன்மை வேறு. கடையில் உள்ள பேனா போன்ற வைரச் சோதனைக்கருவி வெப்பக் கடத்தலை அளக்கிறது. மொய்சனைட்டுக்கும் அது வைரம் என்றே ஒலி கொடுக்கும். அதைப் பிடிக்க லூப்பில் கல்லைச் சாய்த்துப் பார்த்தால் போதும். பின்பக்கப் பட்டைகளின் கோடுகள் இரட்டையாகத் தெரியும். வைரத்தில் அப்படித் தெரியாது.

ஆலையில் வளர்த்த வைரம் இன்னொரு கதை. அதுவும் வைரமே; லூப், வெப்பக்கருவி எதுவும் அதைப் பிரிக்காது. அமெரிக்காவில் 1954 டிசம்பரிலேயே செயற்கை வைரம் வளர்த்துவிட்டார்கள், ஆனால் நகைக்கடைக்கு மலிவாக வந்தது மிக அண்மையில்தான். பழைய நகையில் இதற்கு வாய்ப்பு குறைவு. பழுது பார்க்கக் கொடுத்து வாங்கிய நகை என்றால் மட்டும் ஒவ்வொரு கல்லையும் தனியாகப் பாருங்கள். ஏழில் ஒன்று மட்டும் விளிம்பு புதிதாக, நிறம் சற்று மாறித் தெரிந்தால் அது பின்னால் வந்த கல்.

முத்தைப் பல்லில் லேசாக உரசினால் அசலுக்கு நொறநொறப்பு தெரியும், பூச்சு முத்து வழவழக்கும். வளர்ப்பு முத்தும் அசலைப்போலவே நொறநொறக்கும் என்பதால் அதற்கு எக்ஸ்ரேதான் வழி. பச்சைக்கல்லில் பெரும்பாலானவை எண்ணெய் ஊட்டியவை. அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டுக் கழுவக் கூடாது. திருத்தலங்களைச் சுற்றி விற்கும் ராசிக்கல் மோதிரங்களைப் பற்றி ஒன்றே ஒன்று. கூட வரும் சிறு அட்டையில் இயற்கையானது என்று மட்டும் இருந்தால் போதாது. என்ன சீர்ப்படுத்தல் நடந்தது என்ற வரியும் வேண்டும். 2004-க்குப் பிறகு ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் ஏராளமாக வந்திருக்கிறது. அது மண்ணிலிருந்து வந்த கல்தான். ஆனால் பட்டறையில் நகையை அமிலத்தில் போட்டதும் உள்ளே நிரப்பிய கண்ணாடி அரிபட்டு, கல் வலைவலையாக வெளுத்துப்போகும்.

வடமாலபேட்டையில் நின்று கல்லைப் பற்றிப் பேசும்போது திருமலையை விட்டுவிட முடியாது. கிருஷ்ணதேவராயர் 1513 முதல் பல முறை வந்து இரத்தினம் இழைத்த மகுடமும் ஆரங்களும் சாத்தியதைக் கோயில் கல்வெட்டுகள் சொல்கின்றன. அண்மைக்காலத்தில் மக்கள் வாயில் அடிபட்டது வேறொரு கல். விலைமதிப்பற்ற இளஞ்சிவப்பு வைரம் ஒன்று காணாமல் போனதாக 2018-ல் ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. தேவஸ்தானத்தின் பதில் இது: அது வைரமல்ல, மாணிக்கம். 1945-ல் மைசூர் மன்னர் அளித்த ஆரத்தில் இருந்தது. 2001-ல் கருட சேவையின்போது பக்தர்கள் வீசிய நாணயங்கள் பட்டு உடைந்தது. 1952-லிருந்து உள்ள திருவாபரணப் பதிவேட்டில் மாணிக்கம் என்றே எழுதியிருக்கிறது. மைசூர் அரண்மனைப் பதிவுகளைப் பார்த்த தொல்லியல் துறைக் கல்வெட்டு அறிஞர் ஒருவரும் பின்னர் அதை மாணிக்கம் என்றே சொன்னார்.

இந்த விவகாரத்தில் பலர் சொன்ன வாதம், ‘நாணயம் பட்டு வைரம் உடையுமா?’ என்பது. உடைந்தது என்பதால் அது வைரம் அல்ல என்றும் சிலர் சொன்னார்கள். இரண்டும் பொருந்தாது. வைரமும் உடையும், மாணிக்கமும் உடையும். ஆனால் கேள்விக்கு விடை காண முழுக் கல்லும் தேவையில்லை. கடுகளவு துணுக்கு போதும். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42, மாணிக்கத்தின் எண் 1.77-ஐத் தாண்டாது. வைரம் ஒற்றை விலகல், மாணிக்கம் இரட்டை விலகல். வைரத்தின் அடர்த்தி 3.52, மாணிக்கத்தின் அடர்த்தி 4. ஒரு மேசையில் சில நிமிடங்களில் பார்த்து முடிக்கும் வேலை. பல ஆண்டுகள் ஊர் முழுக்கப் பேசியது கல்லின் நிறத்தைப் பற்றியும் விலையைப் பற்றியும்தான். தஞ்சைச் சுவரில் எழுதியதுபோல அளவும் எடையும் குற்றமும் வகையும் எழுதிய ஒரு குறிப்பு மக்கள் கண்முன் இருந்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடம் இருந்திருக்காது.

கோயிலுக்குச் சொன்னது வீட்டுக்கும் பொருந்தும். பழைய கல் நகையை விற்கப் போகிறீர்கள் என்றால் முதலில் வீட்டிலேயே முன்பக்கமும் பின்பக்கமும் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். கல்லை எண்ணி எழுதுங்கள். லூப்பில் பார்த்து, கண்ணாடி என்று உறுதியாகத் தெரிவதைத் தள்ளிவிடுங்கள். மிச்சத்தில் பெரியதாக இருக்கும் ஒன்றிரண்டை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். இந்தியாவின் முதல் இரத்தினப் பரிசோதனைக் கூடம் ஜெய்ப்பூரில் 1972-ல் தொடங்கியது. இன்று பெருநகரங்களில் அப்படிப் பல உண்டு. பதித்த நிலையிலேயே பல சோதனைகளைச் செய்துவிடுவார்கள். பழைய வேலைப்பாடுள்ள அட்டிகையைச் சோதனைக்காகப் பிரிக்க வேண்டாம். அந்தக் கல்கட்டு வேலையைத் திரும்பக் கட்டக் கூடிய கை இப்போது கிடைப்பது அரிது.

கடையில் விற்கும்போது கல்லைக் கண்மதிப்பில் கழிக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கண்முன்னே கழற்றச் சொல்லுங்கள். கழற்றிய கல்லைத் தனியாக நிறுத்து, அந்த எடையை மட்டும் கழிக்கச் சொல்லுங்கள். கண்மதிப்புக் கழிவு கூடுதலாகப் போனால் கல்லோடு தங்கமும் போகிறது. நிறுத்துக் கழித்தால் அந்த இழப்பாவது இல்லை. கழற்றியதைக் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொள்ளுங்கள். கல் உங்களுடையது, அதற்கு அவர் பணம் கொடுக்கவில்லை. அடகு வைப்பவர்கள் சீட்டில் கல்லின் எண்ணிக்கையையும் நிறத்தையும் எழுதி வாங்க வேண்டும். சிவப்புக் கல் 14, வெள்ளைக் கல் 6, பச்சை 2, ஒன்று விழுந்த குழி என்று ஒரே ஒரு வரி. எழுத அரை நிமிடம் ஆகும்.